சர்வீஸ் சாரின் டார்ச்

என் வீட்டுச் சமையலறை ஆணியில் ஒரு டார்ச் தொங்குகிறது. கறுப்பு உலோகம், விரல் நீளம், சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொள்ளலாம். அதைக் கொடுத்தவர் நான் மனதார வெறுத்த ஒரு மனிதர். வெறுத்தேன் என்பதுகூட என் கௌரவத்துக்காகச் சொல்வது. சரியான வார்த்தை பொறாமை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார், அவ்வளவுதான். எஞ்சினியர் என்றால் எதையும் அளந்து பார்த்து, ஆதாரம் இருந்தால்தான் முடிவுக்கு வருவான் என்று ஜனங்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை நான் அந்த நம்பிக்கைக்குச் செய்தது பச்சைத் துரோகம்.

நல்லம்பள்ளியைத் தாண்டி ஒரு மாங்கூழ் ஆலையில் நான் மெயின்டனன்ஸ் எஞ்சினியர். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கத் தொடங்கிவிட்டால் சீசன் முடியும்வரை ஆலை நிற்கக் கூடாது. நின்றால் பழம் அழுகும், முதலாளி அழுவார். கிருமி நீக்கிய கூழைக் காற்றுப் படாமல் பெரிய பைகளில் நிரப்புகிற ஃபில்லர் மெஷின்தான் ஆலையிலேயே அதிகமாகக் கோபித்துக்கொள்கிற ஜீவன். அதற்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், லேப். அங்கே லேப் மேடம். வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு எவர்சில்வர் கரண்டி வைத்திருப்பார். மீட்டர் என்ன சொன்னாலும், கடைசியில் கண்ணை மூடி ஒரு கரண்டி கூழை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக நான் கண்ணாடிக்கு எதிரே இருந்த நல்ல போல்ட்டுகளையெல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறேன். எனக்கு நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர், ஒரு கல்யாணத்திலிருந்து பிழைத்து வந்தவர். எனக்கு அந்த விபத்தும் நேர்ந்ததில்லை.

டேட்டிங் என்கிற வார்த்தை பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறி வந்துவிட்டது. ஆனால் இறங்கி உட்காரத்தான் இடம் இல்லை. எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் யாருக்காவது ஒரு சித்தப்பா இருப்பார். அதனால் நானும் மேடமும் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனோம். கையில் பை இருந்தால் ஒரு ஆணும் பெண்ணும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சேர்ந்து நடக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். தக்காளி விலை விசாரித்தபடியே வாழ்க்கையைப் பேசினோம். தனியாக இருக்கிற நான் வாங்கி வந்த கீரையிலும் முள்ளங்கியிலும் வீட்டுக்காரருடைய ஆடு கொழுத்தது. சந்தை முடிந்ததும் ஒரு டிபன் கடை. முதல் தடவை போனபோது அங்கே மேசை ஆடியது. அவர் தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குனிந்து, காகிதத்தை மடித்து, மேசைக் காலுக்குக் கீழே செருகி, நிமிர்ந்து ஒரு வெற்றிப் புன்னகை செய்தேன்.

"ஆட்டம் நின்னுபோச்சுங்க சார். ரொம்ப சந்தோஷம். நான் சொன்னதுல ஏதாச்சும் காதுல வுழுந்துச்சா?" என்றார்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்த என் வாழ்க்கையில்தான் சர்வீஸ் சார் வந்தார். ஃபில்லர் மெஷினை விற்ற கம்பெனியின் ஆள், மெஷின் படுத்துவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து வருவார். ஆலை முழுக்க மாம்பழ வாசனை. நாங்கள் எல்லோரும் நடமாடும் மாம்பழங்கள். அவர் மேல் மட்டும் சென்ட் வாசனை. ஈகூட எங்கள் மேல் உட்காருமே தவிர அவரைச் சுற்றி மரியாதையாகப் பறக்கும். அவருடைய பையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தனி உறை. என் ஸ்பேனர்கள் பழைய பெயின்ட் டப்பாவில். ஒரு நாள் நான் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெளிச்சத்துக்காக செல்போனை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு குழாய்களுக்கு நடுவே பார்த்தால் அவர் லேப் வாசலில் நிற்கிறார். ஏதோ சொல்கிறார். மேடம் ஏதோ சொல்கிறார். பிறகு கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறார். நான் தக்காளி விலையில் செய்த ஒரு ஜோக்குக்கும் அந்தத் தோள் குலுங்கியதில்லை. "ஏய்" என்று கத்தலாம் என்றால் வாயில் போன்.

அடுத்த சீசனுக்கு நான் தயாரானேன். ரொம்ப எளிய கணக்கு. மெஷின் பழுதானால்தானே அவர் வருவார்? பழுதாகாவிட்டால்? தேய்வதற்கு முன்பே சீல்களை மாற்றினேன். ஸ்க்ரூ டிரைவரை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து மணிக்கணக்கில் கேட்டேன். அரூர்க்காரரான எங்கள் ஃபிட்டர் அண்ணன், "என்னாங்க சார், புள்ள உதைக்குதான்னு பாக்கறீங்களா? வூட்டுக்குப் போங்க சார், அது நல்லாத்தான் இருக்குது" என்றார். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார். ஆலை வரலாற்றிலேயே இப்படி ஒரு சீசன் இல்லையாம். அது பொறாமையில் ஓடுகிற மெஷின் என்று யாருக்குத் தெரியும்?

இதற்கு நடுவே மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பையைத் தூக்கிக் காட்டுவார். சந்தை. நான் மெஷினைக் காட்டுவேன். ஒரு வாரம் வால்வு. ஒரு வாரம் பம்பில் லேசான சத்தம். ஒரு வாரம் சத்தமே இல்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவரைக் காப்பாற்றுவதற்காக அவரைப் பார்க்காமலேயே இருந்தேன்.

ஒரு மத்தியானம் அவரே மெஷினுக்கு அருகில் வந்து நின்றார். நான் வழக்கம்போல அடியில்.

"ஓசூர்ல ஒரு கம்பெனில கூப்புடறாங்க. சீசன் முடிஞ்சதும் வரச் சொல்றாங்க. போலாமா வேணாமான்னு உங்களக் கேக்கணும்னுதான் அத்தன தடவ சந்தைக்குக் கூப்ட்டேன்."

நான் வாயிலிருந்து போனை எடுப்பதற்குள், "பரவால்லீங்க, மெஷினப் பாருங்க. அது இந்த வருஷம் நல்லா இருக்குது. நாமதான் நின்னுபோய்ட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்பு மட்டும் தெரிந்தது. திரும்பி நடக்கிற செருப்பு.

அப்புறம் டீ குடித்தேன், யாருடைய டீ என்று தெரியாது. மேனேஜரிடம் ஓடி, சந்தை நாளன்று லீவு கேட்டேன். "சீசன்ல லீவா? உன்ன வுட்டா அத யாரு தொடறது? அந்தக் கோயம்புத்தூர்க்காரரு வந்து உக்காந்தா நீ போ" என்றார். எந்த மனிதர் வரக் கூடாது என்று சீசன் தொடங்கியதிலிருந்து மல்லாந்து கிடந்தேனோ, அவருக்கு நானே போன் செய்தேன்.

"சொல்லுங்க சார், என்ன ட்ரபுளுங்க?"

"ட்ரபுள் எதுவும் இல்லைங்க. ஓடிட்டுதான் இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க நான்?"

"எனக்கு... சந்தைக்குப் போகணுங்க."

"வர்றனுங்க சார்" என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வந்தார், அதே சென்ட். மெஷினைச் சுற்றி வந்து, குனிந்து, தொட்டு, காது வைத்துப் பார்த்தார். "நாங்க வித்தப்பகூட இது இப்படி ஓடுலீங்க. பாக்கப் பொறாமையா இருக்குதுங்க சார்" என்றார். பொறாமை என்கிற சொல்லை அவர் வாயால் கேட்டதும் எனக்கு ஏதோ என் சட்டையை அவர் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு தன் பையிலிருந்து அந்த டார்ச்சை எடுத்து நீட்டினார். "இத வெச்சுக்கங்க. போன வருசமே குடுக்கணும்னு நெனச்சனுங்க. எங்க சாரு செல்போன வாயில கவ்விக்கிட்டு வேல செய்யறாரு, யாராச்சும் கூப்ட்டா முழுங்கிருவாருன்னு மேடம் ஒரே சிரிப்புங்க."

நான் டார்ச்சை வாங்கிக்கொண்டேன். 'எங்க சாரு' என்றாராம். லேப் வாசல் சிரிப்புக்குக் காரணம் நானே என்று தெரிந்ததும் பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. போகவில்லை. அதை மேடம் ஏன் அவரிடம் போய்ச் சொன்னார் என்று வேறொரு பக்கமாகக் கிளம்பியது. ஆனால் கால் அதற்குள் பைக்கை உதைத்துவிட்டது.

சந்தையில் மேடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"என்னாங்க, மெஷின் நின்னுபோச்சா?"

"ஓடுதுங்க."

"அப்ப யாரு பாக்கறது?"

"சர்வீஸ் சார்."

கத்தரிக்காய் கையிலேயே நின்றது. "நீங்களே கூப்ட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கத்தரிக்காயால் வாயை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த முறை நடுவில் எந்தக் குழாயும் இல்லை. கடைக்காரம்மா, "வாங்கறதுன்னா வாங்குங்க, காய வெச்சுக்கிட்டு என்னா சிரிப்பு" என்று அதட்டினார். ஓசூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "போங்க. ஆனா என்னக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். கடைக்காரம்மா எடைக்கு மேல் இரண்டு காய் சேர்த்துப் போட்டார்.

அவர் ஓசூருக்குப் போனார். கட்டிக்கொண்டுதான் போனார். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து, திங்கள் காலை போகிறார். அங்கே பாய்லர் பார்க்கிறவர் ரொம்பத் தமாஷான ஆளாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் போவதும் பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலங்களில்தான். இருட்டில் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "ஏங்க, சர்வீஸ் சார் எங்க?" டார்ச்சுக்கு அவர் வைத்த பெயர் அது. என் வீட்டில், என் மனைவி, இருட்டில் தேடுகிற முதல் ஆள் அந்த மனிதர். இருந்தாலும் எழுந்து போய் ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பேன். பொத்தானை அழுத்தியதும் பளிச்சென்று எரியும். இதுவரை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. எப்படி ஏமாற்றும்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேட்டரியைக் கழற்றித் துடைத்து, சோதித்து மாட்டி வைப்பது நான்தானே.