பலகையின் மேலிருந்த பெயர்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் நான் செய்து கொடுப்பதுதான். முதலாளியை அண்ணா என்று கூப்பிடுவேன். அண்ணாவுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

இரண்டாயிரங்களின் கடைசியில் கடைக்கு நெட் வந்தது. படங்களையும் எழுத்துருக்களையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் இணையப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. கணக்குத் தொடங்கப் பேர் கேட்டது. கடையில் எது புதிதாக வந்தாலும் முதலாளி கையால் தொடங்குவதுதான் வழக்கம்; புது பிரிண்டருக்குக் கற்பூரம் காட்டியதும் முதல் தாளை எடுப்பவர் அவர்தான். நானே கூப்பிட்டேன்.

"அண்ணா, உங்க கையால பேர் போடுங்க."

"இன்னாமா, இதுக்கும் நானா?" என்று சிரித்துக்கொண்டே ஒற்றை விரலால் தன் பேரைத் தட்டினார். பொம்பளைப் பிள்ளை பேர் நெட்டில் எதற்கு என்று எனக்கும் ஓர் எண்ணம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் தமிழ் எழுத்துருக்கள் வேறு கணினியில் திறந்தால் கன்னாபின்னாவென்று தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் படமாக்கி ஏற்றினேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காகத் திருப்புலிவனத்திலிருந்து ஒருவர், இறந்துபோன அப்பாவின் ரேஷன் கார்டு படத்தோடு வந்தார். வேறு படமே கிடையாது. தடித்த எழுத்தைப் பக்கத்தில் வைத்தால் பெரியவர் தேர்தலில் நிற்பவர் மாதிரி இருந்தார். வளைந்த எழுத்தில் மாப்பிள்ளை மாதிரி. ஒன்பதாவது எழுத்தில்தான் மகன் திரையைத் தொட்டார்.

"இதான் எங்க நைனா."

இப்படி இரண்டு வருடம் அந்தப் பலகையை நிரப்பினேன். என்னிடம் சான்றிதழ் எதுவும் இல்லை, அதுதான் இருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் விளம்பரப் பிரிவுக்கு டிசைனர் தேவை என்று தெரிந்து, அந்தப் பலகையின் முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தேன். அண்ணாவிடம் மறைக்கவில்லை. "நல்லாப் போய்ட்டு வாமா" என்று திருநீறு பூசி அனுப்பினார்.

நேர்காணலில் விளம்பரப் பிரிவு அதிகாரி பலகையைத் திறந்தார். அண்ணாவின் பெயருக்குப் பக்கத்தில் கோட்டு போட்ட அவர் படம், யாரை வைத்து ஏற்றினாரோ, புதிதாக இருந்தது.

"இவர்கிட்ட நேத்து போன்ல விசாரிச்சோம். டிசைன் எல்லாம் அவரே பண்ணினதாம். நீங்க டைப் மட்டும் அடிப்பீங்கன்னார். அப்படித்தானா?"

வாயைத் திறந்திருக்கலாம். ஒரு கணினியைக் கொடுங்கள், இங்கேயே செய்து காட்டுகிறேன் என்றிருக்கலாம். இவ்வளவு நாள் சோறு போட்ட மனிதரைப் பொய்யர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமாம் சார்."

"டைப்பிங்குக்கு ஆள் இருக்காங்களேம்மா" என்று அவர் பக்கத்தை மூடினார்.

அண்ணா சொன்ன பொய் எனக்கு ஆறிவிட்டது. நான் சொன்ன அந்த ஆமாம்தான் இன்னும் ஆறவில்லை. மறுநாள் காலை அண்ணா, "இன்னாமா ஆச்சு, கெடைக்கலயா?" என்றார். இல்லை என்றேன்.

"வுடு, நம்ம கடை கீது" என்றார், நிஜமாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி.