இன்னொருவரின் அறுபதாவது பிறந்தநாள்

எனக்கு முப்பத்திரண்டு வயதானபோது விமான கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பியது. வேலையை விட்டு நீக்கவில்லை என்று கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். விமானங்கள் குறைந்துவிட்டன, பைலட்டுகள் மிஞ்சிவிட்டார்கள், கடைசியாகச் சேர்ந்தவர்கள் சம்பளமில்லா விடுப்பில் இருக்க வேண்டும், நிலைமை சரியானதும் சேர்ந்த வரிசைப்படியே திரும்ப அழைப்போம். இதுதான் சாரம்.

நாங்கள் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். நைனா வெகுகாலம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்; பிற்பாடு பட்டா கிடைத்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டார். அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது ஒதுக்கீட்டில்தான். லைசென்ஸ் வாங்கிய பிறகு மூன்று வருடம் சும்மா இருந்தேன். அன்று உள்நாட்டில் அரசு கம்பெனி ஒன்றுதான் விமானம் ஓட்டியது. அதில் ஆள் எடுக்கவில்லை. பிறகு தனியாருக்கு வழி திறந்தார்கள். லைசென்ஸ் வைத்திருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். கொடுத்த வேகத்திலேயே வீட்டுக்கும் அனுப்பினார்கள்.

கடிதத்தை நான் தமிழில் சொல்லக் கேட்ட நைனா, “ஏரோபிளேன் ஓட்றவனுக்கும் வேல இல்லாம பூடுமா நைனா?” என்றார். எங்கள் பக்கம் அப்பாவும் நைனா, ஆசையாகக் கூப்பிட்டால் மகனும் நைனா.

என் மனைவி புத்தூரில் தெலுங்கு மீடியம் அரசுப் பள்ளியில் டீச்சர். வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. திருச்சானூரில் அவளுடைய மாமா ஒரு லாட்ஜ் நடத்திவந்தார். பகலில் கவுன்டரில் உட்கார ஆள் வேண்டும் என்றார். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போனேன். வருகிறவர்களின் பெயர், ஊர், தொழில் எழுதி, சாவி கொடுத்து, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்று தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். கஷ்டமான வேலை இல்லை. யாரும் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது வசதியாகவும் இருந்தது.

ஒரு வருடம் கழித்து, எங்கள் கம்பெனியின் மூத்த கேப்டன் ஒருவர் தாயார் தரிசனத்துக்காக மனைவியோடு அந்த லாட்ஜுக்கே வந்தார். சென்னைக்காரர். அவரோடு நான் பலமுறை பறந்திருக்கிறேன். கவுன்டரில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். நான் ரெஜிஸ்டரில் அவர் பெயரை எழுதி, தொழில் என்ற இடத்தில் பைலட் என்று எழுதினேன்.

“லிஸ்ட்ல உன் நம்பர் என்ன?” என்றார்.

சொன்னேன்.

“வெளியே எங்கயும் போயிடாதே. இன்னும் மூணு வருஷத்துல நாங்க பதினோரு பேர் அறுபதைத் தொடுறோம். நாங்க எறங்கினாத்தான் நீங்க ஏற முடியும். காத்துக்கிட்டிரு.”

அவர்கள் மாடிக்குப் போன பிறகு அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். அவர்களுடைய பிறந்த தேதிகளைப் பிறகு ஒவ்வொன்றாக விசாரித்துச் சேர்த்தேன். நண்பர்கள் போனில் பேசும்போது, இன்னாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அக்கறையில் கேட்பதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

என்னோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிப் பேர் வளைகுடா கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. மனைவியிடம் காட்டினேன்.

“அங்க போனா இன்னா நம்பரு?” என்றாள்.

“கடைசி நம்பர்தான். எந்த கம்பெனில சேர்ந்தாலும் கடைசிலேர்ந்துதான் ஆரம்பம்.”

“அப்ப இருங்க. ஸ்கூல்ல எங்களுக்கும் இதே கததான. டிரான்ஸ்பர் கேட்டு வேற ஜில்லாவுக்குப் போனா சீனியாரிட்டி பூடும்.”

அந்தக் கேப்டன் வந்துபோய் இரண்டரை வருடம் கழித்து ரெஜிஸ்டர் தபால் வந்தது. பதினைந்து நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை முடித்து ஹைதராபாத்தில் ஆஜராக வேண்டும். போனேன். தரையிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் முதல் நாள் பழைய பழக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. வளைகுடா போனவர்கள் யாரும் அழைப்புக்குத் திரும்பவில்லை. அவர்கள் விட்ட இடங்களால் என் நம்பர் மேலே ஏறியிருந்தது. அடுத்து காலியாகும் கேப்டன் இடம் என்னுடையது என்று அலுவலகத்தில் வாயால் சொன்னார்கள். அது காலியாக வேண்டிய நாள், லாட்ஜுக்கு வந்தாரே, அந்தக் கேப்டனின் அறுபதாவது பிறந்தநாள்.

கடைசி நாளில் திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவுக்குப் பறக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார். துணைக்கு என்னைப் போட்டார்கள். என் மனைவி அரை நாள் லீவு எடுத்து, அவருக்குப் போட மாலையோடு விமான நிலையத்துக்கு வருவதாக ஏற்பாடு. அன்று காலை ஹைதராபாத்தில் நாங்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் வந்தது. விதி மாறிவிட்டது. இனி பைலட்டுகள் அறுபத்தைந்து வயது வரை பறக்கலாம். அறுபதைத் தாண்டியவரோடு உட்காருகிற இன்னொரு பைலட் அறுபதுக்குக் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மேலே போய் விமானம் நேரானதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஃபேக்ஸைப் பார்த்தியா?” என்றார்.

“பார்த்தேன் சார்.”

“நான் கேக்கலை. ஆள் பத்தலைன்னு மத்த கம்பெனிங்க கேட்டு வாங்கினது.”

“தெரியும் சார்.”

“வேண்டாம்னு எழுதிக் குடுக்கலாம். உனக்குக் குடுத்த வாக்கு மாதிரி அது. ஆனா குடுக்க மாட்டேன். வீட்ல உக்காந்து என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. ஆறு மாசமா யோசிச்சும் தெரியல.”

“எனக்கு அறுபது ஆனா நானும் எழுதிக் குடுக்க மாட்டேன் சார்,” என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல. கோபம் இருந்தது. அது அவர் மேல் என்று சொல்ல முடியவில்லை.

ரேணிகுண்டாவில் அவர் விமானத்தை இறக்கியது பயணிகளுக்குத் தெரிந்தே இருக்காது, அவ்வளவு மெதுவாக இறக்கினார். நிலைய ஊழியர்கள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் செய்தி வந்துவிட்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நான் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த மாலையைப் பார்த்தாள்.

“இப்ப இத இன்னா பண்றது?”

“போடு. இன்னிக்கு அவருக்குப் பொறந்தநாள்தானே.”

போட்டாள். அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, “உங்க வீட்டுக்காரர் சீட்ல நான் உக்காந்திருக்கேம்மா,” என்றார்.

“உக்காருங்க சார். பக்கத்துலதான் அவரும் இருக்காரு. ரெண்டு பேரும் பத்திரமா வந்தா போதும்,” என்றாள். சிலர் சிரித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அதே விமானத்தில் நாங்கள் ஹைதராபாத்துக்குத் திரும்பினோம்.

பதினோரு பேரில் ஒருவர்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் கம்பெனி புது விமானமும் வாங்கவில்லை. இரண்டு வருடம் நான் துணை பைலட்டுக்கான வலது பக்கச் சீட்டிலேயே இருந்தேன். அந்த நாட்களில் சீனியர் ஒருவர் பக்கத்தில் இருமினால், அந்த இருமலை நான் காது கொடுத்துக் கேட்பேன். அது எனக்கே தெரிந்தபோது அருவருப்பாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

லாட்ஜுக்கு வந்த அந்தக் கேப்டனுக்கு அறுபத்திரண்டு வயதில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஈசிஜியில் கோளாறு தெரிந்தது. லைசென்ஸை நிறுத்தினார்கள். அதே மாதம் எனக்குக் கேப்டன் பயிற்சிக் கடிதம் வந்தது. அவருக்கு இப்படி ஆக வேண்டும் என்று நான் வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்துக்காகப் பல வருடம் வேண்டியிருந்தேன். சென்னையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார்.

“டிரெயினிங் எப்போ?” என்றார் கேப்டன்.

“திங்கட்கிழமை சார்.”

“சரி. இடது சீட்ல இடது கைப் பழக்கம் வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும். பயப்படாதே.” பிறகு, “மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வருது,” என்றார். அரை மணி நேரம் அவருடைய மாத்திரைகளைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்தேன்.

கேப்டனாக நான் ரேணிகுண்டாவில் முதல்முறை இறங்கியது ஒரு மார்ச் மாதப் பிற்பகல். அன்று மனைவிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை டியூட்டி, வர முடியவில்லை. நான் ஹைதராபாத் திரும்பிய பிறகு சாயங்காலம் போன் செய்தாள்.

“நல்லா எறக்கினீங்களா?”

“கொஞ்சம் தட்டிச்சு. காத்து.”

“யாராவது எதுனா சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்ப சரி. துன்னுட்டுப் படுங்க. எனக்கு இன்னும் பேப்பர் கட்டுக்கு சீல் வைக்கணும்,” என்று வைத்துவிட்டாள்.