ஜெயினுலாப்தீன் செய்துகொண்ட கீபோர்டு

ஜெயினுலாப்தீன் மௌத்தாகி, அவனை அடக்கம் செய்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் எங்கள் சந்தில் சாயா குடிக்கிற இடத்தில் அவன் பேச்சு வந்தால், எவனாவது ஒருத்தன் சொல்லிவிடுவான். "அந்த கேம் பைத்தியமா? நரைச்ச வயசுல சின்னப் பிள்ளையளோட துப்பாக்கி வெளையாட்டு வெளையாடிக்கிட்டுக் கெடந்தானே!" சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. அவன் சீவிக் கொடுத்த தோலில் பை தைத்து விற்றவர்கள்தான் சிரிப்பது. அவன் மேல்தளத்தில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று இவர்களில் ஒருத்தனும் ஏணி ஏறி வந்து பார்த்ததில்லை. சாயா ஆறிப்போகிற அளவுக்குக் கோபம் வரும். ஆனால் நாலு பேர் நடுவில் நின்று இதையெல்லாம் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

தாராவியில் எனக்கு ஒரு தோல் பை கார்கானா இருக்கிறது. கீழே தையல் மெஷின்கள், இரும்பு ஏணி ஏறினால் சின்ன மேல்தளம். ஜெயினுலாப்தீன், எங்களுக்கு ஜெய்னு, என்னிடம் தோல் சீவுகிற வேலை பார்த்தான். மடித்துத் தைக்கிற ஓரத்தை மட்டும் கத்தியால் காகிதம் மாதிரி மெலிசாக்குவதுதான் சீவுவது. நான் மேலப்பாளையம், அவனும் மேலப்பாளையம். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடுவான்.

அவன் பெண்டாட்டி சைனப்புக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. கைப்பிள்ளை பரீஹாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. பிறகு ஜமாத்தில் வைத்துப் பிரித்து விட்டார்கள். அவள் இன்னொருத்தரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுசன், பிள்ளையைத் தன் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். ஜெய்னு வாடகை அறையைக் காலி செய்துவிட்டு என் மேல்தளத்துக்கு வந்தவன்தான், அப்புறம் வேறு எங்கும் போகவில்லை.

பேச்சு குறைவு. பெருநாள் தொழுதுவிட்டு வந்து படுத்துத் தூங்குகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளுக்குப் போன் போடுவான். கீழே இருந்து எனக்குக் கேட்கும்.

"சாப்பிட்டியாமா?"

"சாப்பிட்டேன் வாப்பா."

"பள்ளிக்கூடம்?"

"லீவு வாப்பா."

அவ்வளவுதான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பான்.

கொரோனா நேரத்தில் பள்ளிக்கூடம் கம்ப்யூட்டருக்குள் போனதில்லையா, அப்போது அந்தப் பிள்ளைக்கு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். பாடம் முடிந்ததும் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து அதிலேயே விளையாட ஆரம்பித்தது. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து சுட்டுக்கொள்கிற விளையாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெய்னு ஏணியில் பாதி இறங்கி அப்படியே நின்றான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"காக்கா, பழைய கம்ப்யூட்டர் எங்க கெடைக்கும்?"

"ஒனக்கு எதுக்குல?"

"எம்மவ டீம்ல ஒரு ஆள் கொறையுதாம். வாப்பா நீங்க வாங்கன்னு கூப்புடுதா."

வாங்கிப் போட்டான். கீபோர்டு ஏதோ காய்லாங்கடையில் கிடைத்தது. அந்த விளையாட்டில் நடக்கிறதுக்கு இடது கையில் நாலு பட்டன். ஓட வேண்டுமென்றால் கூடவே சுண்டுவிரலால் ஓரத்தில் இன்னொன்றை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஜெய்னுவுக்கு இடது சுண்டுவிரலில் பாதி கிடையாது, தோல் வெட்டுகிற அச்சு மெஷினில் போய்விட்டது. அதனால் குண்டு பறக்கிற இடத்தில் அவன் ஆள் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி நடந்து போகும்.

"வாப்பா, ஓடுங்க! ஓடுங்க வாப்பா!" என்று பிள்ளை ஸ்பீக்கரில் கத்தும்.

"ஓட முடியலமா."

முதலில் சாகிறவன் அவன்தான். செத்த பிறகும் அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. மகள் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கும், அது போதும். ஆனால் கூட விளையாடுகிற பிள்ளைகளுக்குப் போதவில்லை. ஒரு நாள் அதில் ஒருத்தன் கேட்டான், "பரீஹா, அஸ்ரின் வீட்டுல நெட்டு குடுத்துட்டாங்க. ஒங்க வாப்பாவுக்குப் பதிலா அவள எடுத்துக்கலாம்லா?"

பிள்ளை சொன்னது, "கொஞ்ச நாள் பாப்போம்."

ஜெய்னு கீழே வந்து என் முன்னால் நின்றான். "காக்கா, எனக்கு நல்ல கீபோர்டு ஒண்ணு வேணும்."

கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லேமிங்டன் ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் சாய்நாத் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "கேமிங் போர்டா? பையன் எத்தனாவது படிக்கறான் ஸார்?" என்றார்.

"எனக்குத்தான்" என்றான் ஜெய்னு.

சாய்நாத் என்னைப் பார்த்தார். "என்ன எதுக்குவே பாக்கீரு? கேக்கது அவன்" என்றேன்.

இந்த மாதிரி கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஸ்பிரிங் வைத்த சின்ன டப்பி ஒன்று தனியாக இருக்கிறது. அதற்கு ஸ்விட்ச் என்று பேர். நமக்குத் தோதானதை வாங்கி, பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். சாய்நாத் ஒரு பலகையில் நாலைந்து தினுசு செருகி வைத்திருந்தார். "நீலம் டிக்கு டிக்குனு கத்தும், பசங்களுக்கு அதான் ஆசை. பிரௌன்ல நடுவுல ஒரு மேடு தட்டும். செகப்பு வழுக்கிண்டு போகும், தொட்டாப் போறும். எல்லாரும் செகப்புதான் வாங்கறா."

ஜெய்னு சிவப்பின் மேல் விரலை வைத்தான். வைத்ததுமே அது இறங்கிவிட்டது. கத்தி பிடித்துக் காய்த்த விரல், அதன் கனமே போதுமாக இருந்தது. மறுபடி வைத்தான், மறுபடி இறங்கியது. "இது ஆவாது. நான் சும்மா நிக்கும்போதே நடக்கும்" என்றான். சாய்நாத் உள்ளே போய்க் கறுப்பு ஸ்விட்ச் கொண்டு வந்தார். கெட்டியான ஸ்பிரிங். விரல் அதன் மேல் உட்கார்ந்து, அமுக்கினால்தான் இறங்கியது. ஜெய்னு தலையை ஆட்டினான். அரைச் சுண்டுவிரலைக் காட்டி ஓடுகிற சங்கதியையும் கேட்டான்.

"அதுக்கென்ன ஸார், கட்டைவிரல் சும்மாதானே இருக்கு? அதுக்கு வேலை குடுத்துடலாம்." ஓடுகிற பட்டனை ஸ்பேஸ் பக்கத்தில் இருப்பதற்கு மாற்றிக் கொடுத்தார். ஜெய்னு அந்தக் கடையிலேயே கட்டைவிரலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் சேருகிறது, வாடா என்று நான்தான் இழுத்து வந்தேன்.

அடுத்த ஞாயிறு ஓடினான். ஆனால் புதுச் சிக்கல் ஒன்று வந்தது. அந்தக் கீபோர்டு உள்ளே வெறும் கூடு. அவன் அமுக்குகிற அமுக்குக்கு டொக் டொக்கென்று சத்தம் மைக் வழியாக ஊருக்கே போனது. "அங்கிள், வீட்ல கல்லு ஒடைக்கீயளா?" என்று ஒருத்தன் கேட்டான். பிள்ளையும் சிரித்தது. ஜெய்னு சிரிக்கவில்லை. பிள்ளையின் பேச்சு தன் சத்தத்தில் பாதி அமுங்கிப் போகிறது என்று என்னிடம் சொன்னான்.

"லாப்டாப் பைக்கு வைக்கிற ஃபோம் கெடக்குல்லா? ஒரு துண்டு வெட்டி உள்ள வையி" என்றேன்.

நோன்பு நேரத்தில் சாப்பிடச் சொன்ன மாதிரி பார்த்தான். "தோலு இருக்கும்போது ஃபோமா? ஃபோமு வைக்கது கனம் காட்டி ஏமாத்துறவன் வேலை காக்கா."

அது அவன் வீம்பு. தோல் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. நல்ல ஆட்டுத்தோல் ஒன்றை எடுத்து, மெலிசாகச் சீவி, உள்ளே கரண்ட் ஓடுகிற பலகையின் அளவுக்கு வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினான். யார் கண்ணிலும் படாத இடம். அதற்கும் ஓரத்தைத் தேய்த்து மழுக்கினான். மூடிய பிறகு அமுக்கினால், துணி மூட்டையில் விரலால் தட்டுகிற சத்தம்தான் வந்தது. அந்த ஞாயிறு யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. "வாப்பா, செம்மையா ஓடுறீங்க!" என்று பிள்ளை சொன்னதும் மேலே இருந்து ஒரு சத்தம் கேட்டது. அவன் சிரிக்கிறான் என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை.

பிறகு மழை வந்தது. தாராவி மழையில் தோல் என்ன பாடுபடும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். வேர்க்கும், பூசணம் பிடிக்கும். கார்கானாவில் இருந்த தோலையெல்லாம் உயரத்தில் ஏற்றி, பிளாஸ்டிக் போட்டு மூடியது ஜெய்னுதான். கீபோர்டுக்குள் தான் ஒட்டி வைத்த துண்டு அவன் நினைவில் இல்லை. அது அவனுக்குத் தோலாகவே படவில்லை போல.

பிள்ளைகள் ஏதோ போட்டியில் சேர்ந்திருந்தார்கள். ஜெயித்தால் அடுத்த கட்டம். முக்கியமான நேரம், எல்லாரும் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறார்கள். ஜெய்னுவின் ஆள் மட்டும் எழுந்து வெளியே நடந்தது.

"வாப்பா, எங்க போறீங்க?"

"நான் போவலமா. அதுவாப் போவுது."

அது நேராக எதிரிகளிடம் போய் நின்றது. எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தோற்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "அஸ்ரின்ட்ட சொல்லிரவா?" என்றான் ஒரு பையன். ஜெய்னு ஸ்பீக்கரை அணைத்துவிட்டான்.

நான் மேலே ஏறிப் போனேன். கீபோர்டைப் பிரித்துப் போட்டிருந்தான். தோல் ஈரத்தில் நொதநொதவென்று இருந்தது. அது ஒட்டியிருந்த பலகையில் பச்சை பூத்து, நடக்கிற பட்டன் அமுக்காமலே வேலை செய்திருக்கிறது.

"தோலு வேர்க்கும்னு எனக்குத் தெரியாதா காக்கா?"

"தெரியும்ல."

"பெறவு எப்படி?"

கீழே போய் ஃபோமில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தேன். கத்தியை எடுத்துத் தோலைச் சுரண்ட ஆரம்பித்தான். நானும் கூட உட்கார்ந்தேன். மழை தகரத்தில் அடித்தது. மறுநாள் பழுதான இடத்தைச் சாய்நாத் சரி செய்து கொடுத்தார். ஜெய்னு முகத்தைச் சுளித்துக்கொண்டே ஃபோமை வைத்து மூடினான்.

அன்றைக்கு அவன் மகளுக்குப் போன் போட்டான். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவ பாருமா. இனிமே அதுவா நடக்காது. நான் சரி பண்ணிட்டேன்" என்றான்.

பிள்ளை மற்றவர்களிடம் பேசியிருக்கிறது. "எடம் ஒங்களுக்குத்தான் வாப்பா. ஆனா தொடர்ந்து ரெண்டு வாரம் வரலன்னா வேற ஆள எடுத்துருவோம். எல்லாருக்கும் அதான் சட்டம்."

கோர்ட்டு உத்தரவைப் போல அதை என்னிடம் வந்து சொன்னான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்தால் அவன் மேலேதான். சந்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த எந்த விசேஷத்துக்கும் வரவில்லை, என் தம்பி மகன் நிக்காஹ் விருந்துக்குக்கூட வரவில்லை. அப்போதுதான் இந்தப் 'பைத்தியம்' என்கிற பேரை வைத்தார்கள். எனக்கும் அன்றைக்கு வருத்தம்தான். "அப்படி என்னலே பேசிக்கிடுதீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல காக்கா. 'எடப்பக்கம் பாருங்க'ம்பா. 'மருந்து இருக்கா'ம்பா. 'பயப்படாதீங்க, ஒங்க பின்னாலதான் நிக்கேன்'ம்பா." சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனான். பக்கத்தில் எவனும் இல்லாத அந்த அறைக்குத்தான் போனான்.

இரண்டு மழை போயிற்று. ஒரு வெயில் காலத்தில், சனிக்கிழமை, தோல் கட்டைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சயானில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் ஞாயிறு அவனுக்கு நினைவே சரியாக இல்லை. நடுவில் தேறினான். ஊருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். "புள்ள அங்கன உக்காந்து அழுவும். எந்திரிச்சிருவேன் காக்கா" என்றான். எழுந்திருக்கவில்லை. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை போய்விட்டான்.

நான் அவனோடு கடைசியாகப் பேசியது அதற்கு முந்தின ஞாயிறு, மத்தியானம். கஞ்சி கொண்டு போயிருந்தேன். அவன் அதைத் தொடவில்லை. மூக்கில் மாட்டியிருந்ததைத் தூக்கிக்கொண்டு, அஸருக்கு நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டான். இன்னும் இருக்கிறது என்றேன்.

"போன வாரமே ஆட்டத்துக்குப் போவல. இன்னிக்கும் போவலன்னா ரெண்டு வாரமாயிரும்."

எனக்குப் புரிந்துவிட்டது. "அதுக்கு நான் என்னல செய்ய? அந்த எழவெல்லாம் எனக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம். மேல ஏறி கம்ப்யூட்டரப் போடுங்க, எம் பேரு தானா வந்துரும். அவ கூப்புடுவா, நடுவுல ஒரு பட்டன் வரும், அதத் தட்டுங்க. நீங்க மொதல்லயே செத்துருவீங்க, அதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டா." மூச்சு வாங்கினான். நர்ஸ் எட்டிப் பார்த்தது. என் மணிக்கட்டைப் பிடித்தான். "அவ 'வாப்பா'ம்பா. பதில் மட்டும் சொல்லிராதீங்க, ஒங்க கொரலு தெரிஞ்சிரும். ஆட்டம் முடியுற வரைக்கும் எந்திரிச்சிப் போயிராதீங்க, காக்கா."