எதிர்க் கம்பெனியின் விலைப் பட்டியல்

பாண்டிச்சேரி நேரு வீதியில் ஒரு பெரிய செல்போன் ஷோரூமில் நான் நாலு வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை எங்களுக்கு நாற்காலி கிடையாது. சம்பளம் கொடுத்தது கடை முதலாளி இல்லை, ஒரு போன் கம்பெனி. அவர்கள் கொடுத்த சிவப்பு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே வருகிறவர்களை அவர்களுடைய போனை வாங்க வைக்க வேண்டும். அப்படி நிற்பவர்களுக்கு ப்ரொமோட்டர் என்று பெயர்.

என் மேசையிலிருந்து மூன்றடி தள்ளி எதிர்க் கம்பெனியின் மேசை. அங்கே மஞ்சள் டி-ஷர்ட்டில் ஒரு பெண் நின்றாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். முல்லா வீதிப் பக்கம் அவளுடைய அப்பாவுக்குத் தையல் கடை. தலையில் சுற்றிய துணியும் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய கம்பெனி சொல்ல, வீட்டிலேயே நாலு துணி தைத்து வைத்திருந்தாள். நான் வில்லியனூரைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன்.

விற்பனையில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டோம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் யாராவது வந்தால் அந்த விற்பனை அவளுக்குத்தான். அவள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். "போன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் ஒரு வணக்கம் சொல்வாள், அவர் மஞ்சள் மேசைக்குப் போய்விடுவார். கிராமத்திலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் என்னிடம் வருவார்கள். நெல் அறுப்பு எப்போது, மல்லாட்டை மூட்டை என்ன விலை என்று பேச்சை ஆரம்பித்தால் அரை மணியில் ஒரு போன் போய்விடும். அதைப் பார்த்து அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். மதியம் மாடியில் இருக்கும் ஸ்டோர் ரூமில் இரண்டு பேரும் ஒரே அட்டைப் பெட்டியை மேசையாக வைத்துச் சாப்பிடுவோம். என் கத்திரிக்காய்க் குழம்பில் பாதி அவளுக்குப் போகும்.

எதிர்க் கம்பெனி ஆட்களோடு பேசக் கூடாது என்பது இரண்டு கம்பெனியிலும் விதி. நாங்கள் அதைக் கண்டுகொண்டதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, எங்கள் ஏரியா மேனேஜர் சென்னையிலிருந்து வந்தார். எனக்கு அப்போது நிலைமை சரியில்லை. மூன்று மாதமாக டார்கெட்டை எட்டவில்லை. நாலாவது மாதமும் எட்டாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்கு இரண்டுமே தெரியும். என்னை மட்டும் எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"அவங்க புது மாடல் வெள்ளிக்கிழம வருது. நம்ம மாடலும் அதே நாள்தான். அவங்க என்ன வெல வைக்கறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சா நாம அதுக்குக் கீழ வச்சிடலாம். தெரியலன்னா இந்த சீசன் போச்சு."

"எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

"புதன்கிழம அவங்க ப்ரொமோட்டருங்க போனுக்கு லிஸ்ட் வரும். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சாப்புடுறீங்களாமே." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஒரு போட்டோ போதும். டார்கெட்ட நான் பாத்துக்கறேன்."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் சொல்லாததை அவர் சரி என்றே எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் என்று இப்போது தெரிகிறது.

புதன்கிழமை மதியம் அவள் சாப்பிட்டு முடித்து, எப்போதும்போல ஸ்டோர் ரூம் மூலையில் விரிப்பைப் போட்டாள். தொழும் நேரத்தில் அவளுடைய போன் என்னிடம்தான் இருக்கும். வாடிக்கையாளர் யாராவது கூப்பிட்டால் நான் எடுத்து, பத்து நிமிஷத்தில் கூப்பிடுவாள் என்று சொல்லிவிடுவேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் போடுவதற்காக, பூட்டைத் திறக்கும் பேட்டர்னையும் எனக்குச் சொல்லி வைத்திருந்தாள். அன்றும் போனை என் கையில் கொடுத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவளுடைய மேனேஜரிடமிருந்து ஒரு படம்.

அவள் குனிந்தாள். நான் பூட்டைத் திறந்தேன். பட்டியல் முழுசாக இருந்தது: மாடல், விலை, பழைய போனுக்குத் தரும் தள்ளுபடி. என் போனை எடுத்து அதற்கு நேராகப் பிடித்தேன். அவசரத்தில் முதல் படம் தெளிவாக வரவில்லை. இரண்டாவது படம் எடுத்தபோது அவள் நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் அந்தச் செய்தியைப் படிக்காததுபோலவே மாற்றி வைத்தேன். சுருட்டிய விரிப்போடு வந்து, "யாராச்சும் கூப்ட்டாங்களாக்கா?" என்றாள்.

"இல்ல. ஏதோ மெசேஜ் வந்துது."

படிக்கட்டில் இறங்கும்போதே மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். நின்று யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் மாடல் அவர்களுடையதைவிட ஐந்நூறு ரூபாய் குறைவாக வந்தது. இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட ஒரு அட்டவணையை எங்கள் கம்பெனி எல்லாக் கடைக்காரர்களுக்கும் அனுப்பியிருந்தது. அன்று மதியத்துக்குள் பதினோரு போன் விற்றேன். மஞ்சள் மேசைக்கு வந்தவர்கள்கூட விலையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள். அவள் தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. நான் ஒரு தடவையும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவளுடைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து முதலாளியின் அறையில் உட்கார்ந்தார்கள். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு, பேச்சு கேட்காது, ஆள் தெரியும். அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள். என் முன்னால் ஒரு கணவனும் மனைவியும் கேமரா எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

இருபது நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மேசைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள்.

"ஒவ்வொரு கடைக்கும் அனுப்புன லிஸ்ட்ல ஒரு நம்பர மட்டும் கடைக்கு ஒண்ணா மாத்தி வச்சிருக்காங்கக்கா. எங்கேர்ந்து வெளிய போவுதுன்னு புடிக்க. உங்க கம்பெனி போட்ட டேபிள்ல நம்ம கடைக்கு வச்ச நம்பர் இருக்குதாம். இங்க அந்த லிஸ்ட் வந்தது எனக்கு மட்டும்தான்."

நான் மேசையில் இருந்த போனை நேராக வைத்தேன்.

"நான் யாருக்கும் அனுப்பல. தொழும்போது போன் உங்ககிட்டதான இருந்துது?"

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். பிறகு மாடிக்குப் போய், மஞ்சள் டி-ஷர்ட்டை மாற்றி, அதை மடித்து அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கணவனும் மனைவியும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்குள் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். அனுப்பியது நான்தான், அவளுக்குத் தெரியாது என்று சொன்னேன்.

முதலாளிக்கு எரிச்சல்தான் வந்தது. "இத ஏம்மா எங்கிட்ட சொல்ற? நீயும் என் ஆளு இல்ல, அந்தப் பொண்ணும் என் ஆளு இல்ல. உங்க கம்பெனிச் சண்டைய என் கடைக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்க."

வந்தவர்களில் ஒருவர் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எழுதிக் குடுக்கறீங்களா?"

"குடுத்தா அவள திரும்ப எடுத்துப்பீங்களா?"

"மொதல்ல எழுதுங்க."

எழுதினேன். யார் கேட்டார், எங்கே வைத்துக் கேட்டார், எப்படி எடுத்தேன் என்று எல்லாம். அவர் அதைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அது அவளுக்காக இல்லை. எங்கள் கம்பெனிக்கு எதிராக அவருக்கு ஒரு காகிதம் கிடைத்துவிட்டது. "போன அடுத்தவங்க கையில குடுத்தது அந்தப் பொண்ணோட தப்புதானே" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் எங்கள் மேனேஜர் போன் பண்ணினார். "நான் உன்கிட்ட அப்பிடி எதுவும் கேக்கலையே. நீயா எடுத்து அனுப்புன. அது நம்ம கம்பெனி பாலிசிக்கு விரோதம்." அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல இருந்தது. மறுநாளிலிருந்து எனக்கும் வேலை இல்லை.

தீபாவளி முடிந்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. அதற்கு முன் போனதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அடிக்கவா போறாங்க, போய்ட்டு வா" என்றார். அவளே கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டாள். அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று புரியாமல் டீயைக் குடிக்கவே முடியவில்லை.

"டார்கெட் எட்டலன்னு பயந்துட்டேம்மா," என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன மற்ற எதுவும் வாயில் வரவில்லை.

"உங்க டார்கெட் எனக்கும் தெரியும்க்கா. மூணு மாசமா பாத்துகிட்டுத்தான் இருந்தேன்." தரையைப் பார்த்துப் பேசினாள். "நீங்க வாய வுட்டுக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன். ஆனா நீங்க கேட்டீங்கன்னு யார்கிட்டயும் சொல்லியிருக்கவும் மாட்டேன்."

டீ ஆறிய பிறகு குடித்துவிட்டு வந்தேன்.

எனக்குக் கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. அங்கே உட்கார ஸ்டூல் உண்டு. ஆறேழு மாதம் போயிருக்கும். தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. எங்கள் பழைய மேனேஜர். இப்போது மஞ்சள் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். அங்கே இன்னும் பெரிய பதவியாம்.

"பழசெல்லாம் மனசுல வச்சிக்காத. பாண்டிச்சேரிக்கு விக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். வர்றியா?"

"அந்தப் பொண்ணக் கூப்ட்டீங்களா சார்?"

"எந்தப் பொண்ணு?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம், அவர் என்னை வேலையிலிருந்து எடுத்த அன்றுகூட வரவில்லை. கடையில் கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்குப் போய் வந்த பிறகு பேசியதே இல்லை. எடுப்பாளா என்றே சந்தேகமாக இருந்தது. எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"சம்பளம் எவ்ளோ சொன்னான்?" என்றாள்.

"கேக்கல."

"அவன் நம்பர் குடுங்க."

"அந்தாளு கீழயா வேல பாக்கப் போற?"

"எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு ஆளு இருக்கத்தான்க்கா செய்வான். எனக்கு விக்கத் தெரியும். அத ஏன் வுடணும்?"

எண்ணைக் கொடுத்தேன். தன்னை யார் என்று அவனிடம் சொல்லவில்லையாம், அவனும் கேட்கவில்லையாம், கம்பெனியில் பழசை யாரும் கிளறவில்லையாம்; வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவளுக்குக் கீழே ஏழு கடைகளின் ப்ரொமோட்டர்கள் இருக்கிறார்கள். ஈத் அன்று எனக்கு ஒரு வாழ்த்து அனுப்புவாள். தீபாவளிக்கு நான் அனுப்புவேன். எப்போதாவது ஆஸ்பத்திரிக்கு அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் என் கடையில்தான் மருந்து வாங்குவாள். சீட்டை நீட்டிவிட்டு, வீட்டில் எல்லாரும் நல்லாயிருக்காங்களா என்று கேட்பாள். நல்லாயிருக்காங்க என்பேன். அவள் அம்மா மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.