ஏரோப்ளேனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எலப்புள்ளியில் என் மச்சான், தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு குட்டி ஏரோப்ளேன் கட்டுகிறார். பெண் எடுத்த வீடாயிற்றே என்று நானும் ஸ்பேனர் பிடிக்கிறேன்.

இன்றைக்கு இன்ஜினை ஓட்டிப் பார்த்தால், சூடு காட்டும் மீட்டரில் முள் குதிக்கிறது.

“ஏனுங்க மாப்ள, நேத்து நீங்க கை வெச்சதுல இருந்துதானுங்க இப்படி. இன்ஜினைப் பிரிச்சுப் போடோணும்.”

எனக்கு வந்ததே கோபம்! மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பூட்டிய இன்ஜின்!

மீட்டரின் எர்த் வயரைக் கழற்றினேன். அடியில் காய்ந்த சந்தனம். ஆயுத பூசைக்கு இவரே கழற்றிப் பொட்டு வைத்து மாட்டியிருக்கிறார். கரண்ட் எப்படிப் போகும்?

சுரண்டி மாட்டியதும் முள் ஆடாமல் நின்றது.

“அசல் மறையூர் சந்தனமுங்க, அதைப் போயி சுரண்டிட்டீங்களே!”

அதற்கும் எனக்குத்தான் திட்டு.

முதல் சவாரியில் நான்தான் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். நீங்களாக இருந்தால் ஏறுவீர்களா?