இடது குழல்

நம்பினால் நம்புங்கள். பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் கிண்டல் செய்தே விரட்டிவிடும் ஆள் நான். எனக்கே நடந்தது இது. மல்லாபூரில், என் துப்பாக்கி ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில், பட்டப்பகலில்.

அன்று ஞாயிறு. சுற்றிலும் எல்லாக் கம்பெனிகளும் பூட்டிக் கிடந்தன. என் மனைவி ரோஸ்லின் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்கவே பிடிப்பதில்லை. பேச ஆள் கிடையாது. அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளன் சுனில் ரிப்பேருக்குக் கொடுத்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பிரித்தேன். இறந்துபோன அவன் அப்பாவுடையது. லைசென்ஸ் இப்போது இவன் பெயரில். மறுநாள் காலை ஷூட்டிங் ரேஞ்சுக்கு எடுத்துப்போகிறானாம்.

போன வாரத்திலிருந்து இடது எஜெக்டர் வேலை செய்யவில்லையாம். துப்பாக்கியை மடக்கித் திறந்ததும், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே வீசுவது அதுதான். சுடாத தோட்டாவை வீசாது. லேசாகத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். டம்மியானாலும் டிரிகரை அழுத்தி உள்ளே ஹாமர் அடித்துவிட்டால் அதற்குச் சுட்ட கணக்குதான். ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றினேன். மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை இரண்டு குழலிலும் போட்டு மூடி, வலது டிரிகரை மட்டும் அழுத்தினேன். திறந்தேன்.

டப்! வலது பறந்தது. கூடவே... இடதும் பறந்தது.

இடது டிரிகரை நான் தொடவே இல்லை.

மறுபடி பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிடவும் முடியாது. நாளைக்கு சுனில் அதில் நிஜத் தோட்டா போடுவான். தானாகச் சுட்டால் ஒரு உயிர் போய்விடும்.

மறுபடி டம்மி போட்டு மூடினேன். மேஜைமேல் வைத்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

டிக்.

உள்ளே ஹாமர் விழும் சத்தம்.

"யாரது?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது இருந்தால் தேவலை என்றுகூட ஒரு நொடி தோன்றியது...

ஷட்டர் பக்கம் நகர்ந்தேன். முதுகுக்குப் பின்னால்...

கிளக்.

திரும்பினேன். துப்பாக்கி திறந்து கிடந்தது. ஒரு டம்மி மட்டும் தரையில் உருண்டு வந்தது.

இடது குழல் காலி.

ஓடினேன்.

தெருவில் நின்றுகொண்டு சுனிலுக்கு போன் போட்டேன். அவன் அம்மா பகவதி எடுத்தார்.

"துப்பாக்கிய எடுக்க சுனில அனுப்பாதீங்கம்மா. இடது பக்கம் தானா சுடுது."



"ஹவ், ஆமா ஜேம்ஸ் அண்ணா... சுனில் அப்பா அந்த இடது பக்கத்துலதான் தன்னைச் சுட்டுக்கிட்டாரு. எங்க லோத்குண்டா வீட்ல, தனியா. உள்ள தாழ்ப்பா போட்டிருந்தாரு. கதவ ஒடச்சுதான் போனோம்."

"எனக்குத் தெரியாதும்மா..."

"அதில்லண்ணா. சுட்ட அந்த நிமிஷமே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா நாங்க உள்ள போறப்ப துப்பாக்கி திறந்து கெடந்துச்சு. கூடு தூரமாப் போய் விழுந்திருந்துச்சு..."

குரல் தாழ்ந்தது.

"அதத் திறந்தது யாருண்ணா?"