பெட்டிக்குள் இருந்த மாமா

போன வாரம் நான் ஒரு லிஃப்டிடம் மன்னிப்புக் கேட்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தவர்கள் பலர் இருப்பதால் மறைத்துப் பயனில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டில் கடைசி ஆளாக ஏறினேன். உடனே ஒரு பெண் குரல் பாரம் அதிகம் என்றது. அதன் கண்டிப்பில் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கதவு மூடுவதற்குள் ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தேன்.

படியேறிப் போகும்போது கான்டீனிலிருந்து சோற்றுக்கஞ்சியும் வேகவைத்த பயறும் கலந்த வாசனை வந்தது. எல்லோருக்கும் அது நோயாளி வாசனை. எனக்கு மட்டும் அதனோடு சூடேறிய பிளாஸ்டிக்கின் நெடியும் சேர்ந்து வரும். அந்த இரண்டும் கலந்த ஓர் அறையில்தான் என் குரல் சில காலம் குடியிருந்தது. குரல் மட்டும்தான். நான் ஸ்ரீவராகத்தில் அம்மாவோடு இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கேரளத்தில் எங்கள் ஊரை ஒட்டிய கழக்கூட்டத்தில் கணினிப் பூங்கா எழும்பி, ஊரில் அரைகுறையாகப் படித்தவர்களுக்கெல்லாம் நப்பாசை பிடித்திருந்த நேரம். எனக்கும் அங்கேதான் வேலை என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எங்கள் கம்பெனி பூங்காவின் மதிலுக்கு வெளியே, ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் சிடி தயாரித்தோம். மலையாளத்தில் அது சுமாராக ஓடியது. ஒரு சேவைச் சங்கம் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க முன்வந்ததும், தமிழிலும் சிடி வேண்டும் என்றார் மானேஜர். தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாவல்களாக வாசித்துத் தள்ளியிருந்தவனுக்கு "மரம், மாடு, மீன்" என்று மொழிபெயர்க்கும் வேலை வாய்த்தது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு அவ்வளவு தெளிவாக நான் எழுதியதில்லை.

குரலும் நானே கொடுத்தேன். ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய ஒலிப்பதிவு. பிள்ளை சரியான விடையைத் தொட்டால் "சபாஷ்!" தப்பாகத் தொட்டால் "தவறு. மீண்டும் முயற்சி செய்." 'சபாஷ்' ஒரே தடவையில் சரியாகிவிட்டது. 'தவறு'தான் மானேஜருக்குத் திருப்தியாகவில்லை. "கொறச்சுக்கூடி கனம் வேணம்டோ", இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். வீட்டிலும் சொல்லிப் பார்த்துப் பழகினேன். அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்: "ஆத்துல ஒரு தப்பைச் சொன்னா மூஞ்சியத் தூக்கிண்டு போயிடுவாய். ஊராத்துக் கொழந்தைகளுக்கெல்லாம் தவறு சொல்றதுக்கு நோக்குச் சம்பளமா?"

பள்ளிக்கூடம் சாலைக் கம்போளம் என்று நாங்கள் சொல்லும் சந்தைக்குப் பின்னால் இருந்தது. நாலாம் வகுப்பு வரைக்கும்தான். மூட்டை தூக்குகிறவர்கள், ஹோட்டல்காரர்கள், கொத்தனார்கள் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். தலைமை ஆசிரியை தங்கம் டீச்சருக்கு நாகர்கோவில் பக்கம். அவரைப் போல வேகமாக நடக்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை. நடந்தாக வேண்டிய கட்டாயம். கேரளத்தில் பள்ளிகளுக்கு ஓர் எமகண்டம் உண்டு: ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாள். அன்று அதிகாரி வந்து தலைகளை எண்ணுவார். போதுமான தலை இல்லையென்றால் அந்த வகுப்பு போச்சு, டீச்சர் வேறு ஊருக்குப் போகணும். அன்றைக்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையையும் தோளில் போட்டுக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அதற்காகக் கோடை விடுமுறை முழுக்க டீச்சர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் தமிழ்ப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் இங்கிலீஷ் மீடியம் வேண்டும். கையில் காசில்லாதவர்கள் மலையாளத்துக்குப் போனார்கள். "தம்பி, இந்தப் பொட்டிதான் இனி எனக்குக் கொக்கி. இதக் காட்டித்தான் மீனு பிடிக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் டீச்சர். வாசிப்பு, கணக்கு என்றெல்லாம் நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த பேச்சு அப்படியே சட்டைப்பையில் கிடந்தது.

பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சியும் பயறும் வேகும் அறைக்கு அடுத்த அறையில் கம்ப்யூட்டரை வைத்தோம். தூசு ஆகாது என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று வாசலில் எழுதி ஒட்டினேன். பாதிப் பிள்ளைகளுக்குக் கழற்ற ஒன்றும் இல்லை; அவர்கள் கால் கழுவிவிட்டு வந்தார்கள். நவராத்திரிக்கு எங்கள் ஊரில் புத்தகங்களைப் பூஜையில் வைப்பது வழக்கம். வைத்தால் விஜயதசமி வரை தொடக்கூடாது. டீச்சர் கீபோர்டைக் கழற்றிப் பூஜையில் வைத்துவிட்டார். அறிவிப்பில்லாமல் ஆய்வுக்கு வந்த சங்கத்துக்காரர்கள் கையில்லாத கம்ப்யூட்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பிள்ளைகள் என்னைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். வாய் திறந்தால் பெட்டியின் குரல். நான் சந்தையில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்க்கும்போதெல்லாம் யாராவது கத்துவார்கள்: "லேய், தவறு மாமா!" சபாஷ் மாமா என்று ஒரு பிள்ளையும் கூப்பிட்டதில்லை.

சில மாதங்களில் திரையில் எல்லாப் பிள்ளைகளும் முழு மதிப்பெண். மானேஜருக்குத் தலைகால் புரியவில்லை. முதலிடம் மூன்றாம் வகுப்பு இசக்கி. அவள் அப்பா பேச்சிமுத்து ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். தனக்கு எழுத்து தெரியாது என்பதைப் பெருமையாகவே சொல்வார். அடுத்த வாக்கியத்தில் மகளைக் கொண்டுவரலாமே, அதற்காக. அவர் பேச்சைக் கேட்டே ஏழெட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்திருந்தன. "கம்ப்யூட்டர்ல எம்புள்ள நூத்துக்கு நூறு, பாத்துக்கிடுங்க" என்று மாவைச் சுழற்றியபடியே சொல்வாராம்.

அந்த நாட்களில் முற்றத்தில் பாண்டி விளையாடும் பெண்கள் ஒரு பாட்டுப் பாடினார்கள்: "மேல, கீழ, கீழ, நடு... நடு, மேல, கீழ, மேல..." நீளமான பாட்டு. கட்டங்களில் நொண்டியபடியே தாளம் தப்பாமல் பாடுவார்கள். இடம்பெயர்ந்த மக்களின் விளையாட்டுப் பாடல், எவ்வளவு சுருக்கமான சொற்கள், என்ன லயம் என்றெல்லாம் வியந்து, ஒரு சிற்றிதழ் நண்பரிடம் அரைமணி நேரம் பேசியும் விட்டேன். அவரும் கட்டுரை கேட்டார். நல்லவேளை, பத்திரிகை அதற்குள் நின்றுபோனது.

பாட்டு வேறொன்றுமில்லை. எங்கள் சிடியில் ஒரு படம் வரும். பக்கத்தில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்றாக மூன்று சொற்கள். சரியான சொல்லை மவுஸால் தொடவேண்டும். சரியான சொல் எப்போதும் ஒரே இடத்தில்தான் இருக்கும். வாய்ப்பாட்டைப் பாடிப் பாடியே படித்த பிள்ளைகள் விடைகளின் இடத்தையும் பாடி மனப்பாடம் செய்துவிட்டார்கள். எழுத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. கணக்குக்கும் தனியாக ஒரு பாட்டு இருந்தது.

மார்ச்சில் ஆண்டுவிழா. பெற்றோர் முன்னால் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வாசித்துக்காட்ட வேண்டும். அடுத்த ஜூனுக்கு அதுதான் தூண்டில். கம்பெனி அன்றைக்கென்று சிடியின் புதிய பதிப்பை அனுப்பியது. கழக்கூட்டத்தில் யாரோ புத்திசாலி, விடைகள் ஒவ்வொரு தடவையும் இடம் மாறிமாறி வரும்படி செய்திருந்தார். நல்ல திருத்தம். மானேஜர் அதைத் தன் கையாலேயே போட்டார்.

முதலில் இசக்கி. பேச்சிமுத்து வெள்ளைச் சட்டையில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்வரிசையில் நின்றார். திரையில் மாடு வந்தது. இசக்கி உதட்டுக்குள் பாடிக்கொண்டே மேலே தொட்டாள்.

"தவறு. மீண்டும் முயற்சி செய்."

கனமான, திருத்தமான என் குரல். அவள் அடுத்த படத்துக்குக் கீழே தொட்டாள். தவறு. மறுபடியும் கீழே. தவறு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் எட்டிப் பெட்டியின் முதுகுப்பக்கம் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து வேகமாகப் பாடத் தொடங்கினாள், இப்போது வாய்விட்டே. "மேல, கீழ, கீழ, நடு..." தவறு, தவறு, தவறு. மானேஜர் ஒலியைக் குறைக்கும் திருகைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பதற்றம். "பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்யலாம்" என்றேன். அதே குரல். பெட்டிக்குள் ஒருவன், வெளியே ஒருவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இசக்கி சிரிக்கவில்லை. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

பேச்சிமுத்து நிதானமாகத்தான் கேட்டார்: "டீச்சர், பொட்டி பொய் சொல்லுதா, எம்புள்ள பொய் சொல்லுதா?"

மிஷின் கெட்டுப்போச்சு என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அறையிலிருந்த அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். அதைவிட அதிகமாக நம்ப விரும்பினார்கள். டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"பொட்டி பொய் சொல்லல அண்ணாச்சி. பிள்ளையும் சொல்லல. அவளுக்கு வாசிக்கத் தெரியாது."

"அப்பம் மூணு வருஷமா..." என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். செருப்பைப் போட மறந்துவிட்டார். யாரோ எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

ஜூனில் அந்த ஆறாவது நாள் மிஷினைப் பார்த்துவர என்னை அனுப்பியிருந்தார்கள். விடாத மழை. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றார். எண்ண வந்த அதிகாரி இரக்கமுள்ளவர். ஒரு டீயை அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் குடித்து நான் பார்த்ததில்லை. "இனி ஆரெங்கிலும் வரான் உண்டோ டீச்சரே?", இன்னும் யாராவது வரவேண்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். டீ ஆறி ஆடை படிந்தது. ஒருவரும் வரவில்லை. பேச்சிமுத்து சேர்த்துவிட்ட குடும்பங்களில் ஒன்றுகூட வரவில்லை. இசக்கியை ஊரில் அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம், பீடி சுற்ற. படிப்பு ஏறாத பிள்ளைக்குக் கைத்தொழிலாவது இருக்கட்டும் என்று.

வகுப்புகள் போயின. டீச்சரை நெய்யாற்றின்கரைப் பக்கம் எங்கோ மாற்றினார்கள். கம்ப்யூட்டர் அறையில் அரிசிச் சாக்குகளை அடுக்கினார்கள். அதற்கு முன்பே யாரோ மவுஸைத் திறந்து உள்ளே இருந்த உருண்டையைக் கோலி விளையாட எடுத்துப் போயிருந்தார்கள். அந்தக் கருவி மொத்தத்தில் உருப்படியாகப் பயன்பட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். டயர் கடை மாடியில் இப்போது ஒரு பல் டாக்டர். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் சந்தைக்கு வரும் வண்டிகளை நிறுத்துகிறார்கள். சிடி ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. போட்டுக் கேட்க வீட்டில் எந்த இயந்திரத்திலும் துளை இல்லை. அந்தப் பாட்டை நொண்டியபடி பாடியவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ.

சில வருஷங்களுக்கு முன் தங்கம் டீச்சரைக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், நடைவேகம் மட்டும் குறையவில்லை. ஒரு பள்ளிக்கூடம் அழிந்த கதை என்று மனசுக்குள் பல வருஷமாக எழுதி எழுதிப் பார்த்திருந்தவன், அவரிடம் சொன்னேன்: "அந்தப் புது சிடி மட்டும் அன்னைக்கு வராம இருந்திருந்தா, டீச்சர்..."

நாகர்கோவில் பஸ் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: "வராம இருந்திருந்தா ஸ்கூலு இன்னும் ஒரு வருஷம் கெடந்துருக்கும் தம்பி. இசக்கி வாசிக்கத் தெரியாமலே நாலாம் கிளாஸுக்குப் போயிருப்பா."